நாலாவது ஒயர்

"என் மனைவிக்கு ஒரு ஆள் இருக்கான்" என்று சொன்னவர், நாங்கள் முகத்தை அனுதாபத்துக்கு மாற்றுவதற்குள், "அவனோட நம்பரும் என்கிட்ட இருக்கு" என்று போனை மேஜை மேல் வைத்தார்.

எடுத்துப் பார்த்தேன். போன் நம்பர் இல்லை. எண்ணும் எழுத்தும் புள்ளியுமாக ஒரு முழ நீளத்துக்கு ஏதோ இருந்தது.

"சார், இது ஆளா? ரேஷன் கார்டு மாதிரி இருக்கு" என்றேன்.

"வால், கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அத்தை.

வால் என்பது நான். அத்தை என்பது என் அப்பாவின் தங்கை, இந்தத் துப்பறியும் நிலையத்தின் முதலாளி. டெலிபோன் இலாகாவில் புகார் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவள். எதிராளி மூச்சு விடுகிற விதத்திலேயே பொய்யை எடைபோட்டு விடுவாள். என் வேலை யார் பின்னாலாவது போவது, அதனால் வால். வயது முப்பத்தாறு ஆகிறது, பட்டப்பெயர் மட்டும் வளரவில்லை.

"முதல்ல எதிர் ஆபீஸ்லதான் கேட்டேன்" என்றார் வந்தவர். "இது கம்ப்யூட்டர் கேஸ், பதினஞ்சு நாள் ஆகும்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எதிர் ஆபீஸும் துப்பறியும் நிலையம்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பறையில் மீன் தொட்டி. ஊரில் காணாமல் போகிற கணவர்கள் எல்லோரும் அவர்களிடம்தான் கிடைக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று தள்ளியது எங்களிடம் வரும். அந்த மீன்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதனால் சொல்கிறேன், பொறாமை பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் அத்தை.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல், நல்ல சட்டை, மூன்று வாரமாகத் தூங்காத கண்கள்.

"நானும் என் மனைவியும் மொழிபெயர்ப்பாளர்கள். புத்தகம் இல்ல. கூட்டத்துல ஒருத்தர் ஒரு பாஷையில பேசப் பேச, கூடவே இன்னொரு பாஷையில சொல்லிட்டே போறது. கேக்கறவங்க காதுல மாட்டிட்டு உக்காந்திருப்பாங்க. முன்னாடி மண்டபத்துல கண்ணாடிக் கூண்டு இருக்கும், அதுக்குள்ள உக்காந்து பேசுவோம். அப்புறம் வீட்டுலேர்ந்தே பேசற மாதிரி ஆயிடுச்சு. பதினோரு வருஷமா நானும் அவளும்தான் சேர்ந்து."

"இப்ப?"

"நாலு மாசமா வேலை இல்ல. கூட்டமே நடக்கறதில்லன்னு கம்பெனியில சொல்றாங்க. நான் ஒரு பயிற்சி நிலையத்துல பாஷை சொல்லிக் குடுக்கறேன். திங்கள், புதன், வெள்ளி. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு." போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்த நேரத்துலதான் இவன் வர்றான். ரெண்டுக்கு வர்றான். நாலுக்குப் போயிடறான்."

"வர்றதை யாரு பார்த்தா?"

"ரூட்டர்."

அத்தை பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"எங்க வீடு பழைய கட்டடம். சுவரெல்லாம் ஒரு முழம் தடிமன். வைஃபை ஒரு ரூமைத் தாண்டாது. எங்க தொழில்ல லைன் ஒரு நொடி அறுந்தாலும் மானம் போச்சு. அதனால பவர்லைன் போட்டேன். கரண்ட் ஒயர்லயே இன்டர்நெட்டும் ஓடும். ஹால்ல ரூட்டர் பக்கத்துல பிளக்ல ஒரு வெள்ளைப் பெட்டி. வேலை ரூம் பிளக்ல இன்னொரு வெள்ளைப் பெட்டி. நடுவுல சுவத்துக்குள்ள ஏற்கெனவே ஓடற கரண்ட் ஒயர்தான் பாலம்."

"ஒரே வீட்டுல எந்த பிளக்ல சொருகினாலும் வேலை செய்யுமா?"

"ஒரே மீட்டர்னா செய்யும். பெட்டியில இருக்கற பட்டனை அமுக்கிச் சேர்த்துக்கணும், அவ்வளவுதான். வேலை ரூம்ல என் கம்ப்யூட்டர், அவ கம்ப்யூட்டர், பிரிண்டர், மூணு சாமான். வெள்ளைப் பெட்டிக்கு ஒரே வாய். அதனால நாலு வாய் இருக்கற ஒரு ஹப் வாங்கி வெச்சேன். மூணு வாய்க்கு மூணு சாமான். நாலாவது வாய் சும்மா கிடக்கு." மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "அதுலதான் அவன் வந்து மாட்டறான். ரூட்டர் ஆப்ல எல்லாம் காட்டும். மத்த மூணுக்கும் நான் பேர் வெச்சிருக்கேன். ரெண்டு மணி அடிச்சா பேர் இல்லாம, அந்த நீள நம்பரோட ஒண்ணு வருது. ஒயர்ல மாட்டியிருக்குன்னு மட்டும் போட்டிருக்கு. வகுப்பு நடத்திட்டே போனைப் பார்ப்பேன். பிள்ளைங்க இறந்தகாலம் கேட்டா எதிர்காலம் சொல்றேன்."

"வேற என்ன காட்டுது?"

அவர் ஒரு படத்தைத் திறந்தார். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு. "இது அவன் இங்கேர்ந்து வெளிய அனுப்பறது. அரை மணி நேரம் ஓடுது. அடுத்த அரை மணி ஒண்ணுமே இல்ல. மறுபடி அரை மணி. அந்த நடு அரை மணி நேரம்..." முகம் சிவந்தது. "ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?"

"சாப்பிட்ட நேரம் சார். தூங்குவாங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அத்தை மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"யார் மேல சந்தேகம்?"

"கீழ் வீட்டுப் பல் டாக்டர். எங்க வாடகைக்காரர்தான். கல்யாணம் ஆகல. என் மனைவியைப் பார்த்தா முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பார்."

"பல் டாக்டருக்கு அது விளம்பரம் சார்."

"அவளும் சிரிக்கறாளே!"

அத்தை மலையும் பள்ளமுமான அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தொழில்ல ஒருத்தரே மணிக்கணக்கா பேசுவீங்களா?" என்று திடீரென்று கேட்டாள்.

"ஐயோ, முடியாது. மூளை காஞ்சுடும். மாத்தி மாத்தித்தான் பேசுவோம்" என்றார் அவர் பொறுமையில்லாமல். "மேடம், அதை விடுங்க. இன்னிக்குப் புதன். வகுப்புக்கு லீவு சொல்லிட்டேன். அவளுக்குத் தெரியாது. இன்னிக்கே தெரிஞ்சாகணும். ஆள் இருந்தா, சாயங்காலமே அவளை அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். பதினோரு வருஷம் இன்னியோட சரி."

"இல்லன்னா?"

அவர் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இல்லன்னா அவ கால்ல விழுந்துடறேன்."

மணி ஒன்றரை. நாங்கள் கிளம்பினோம். எதிர் ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது, அவர்கள் தவறவிட்ட கட்சிக்காரரின் தோளில் வேண்டுமென்றே கை போட்டுக்கொண்டு நடந்தேன்.

வீடு, சொன்னபடியே கோட்டை மாதிரிதான் இருந்தது. கீழே முன்பக்கம் பல் மருத்துவமனை. பக்கவாட்டுப் படியில் ஏறினால் இவர்கள் வீடு. பின்னால் ஒரு சின்ன முற்றம், அதற்கப்பால் என்னவோ தட்டுமுட்டு அறை. வாசலில் அவர் போனைப் பார்த்தார். இரண்டு மணி பத்து நிமிஷம். பேர் இல்லாத நாலாவது வந்து உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டான்" என்றார்.

கதவு பூட்டியிருந்தது. அவர் சாவியால் சத்தமில்லாமல் திறந்தார். மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடர்களைப் போல உள்ளே போனோம். ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாம் காலி. கடைசியாக வேலை ரூம் கதவை அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

அங்கேயும் யாருமில்லை.

பக்கம் பக்கமாக இரண்டு நாற்காலிகள். ஒரு கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. இன்னொன்று விளக்கு போட்டுக்கொண்டு ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் ஹெட்போன் மாட்ட இரண்டு கொக்கிகள், ஆனால் ஒரே ஒரு ஹெட்போன்.

"பார்த்தீங்களா!" என்று கிசுகிசுப்பிலேயே கத்தினார். "கம்ப்யூட்டரை ஓட விட்டுட்டுப் போயிருக்கா! நான் போன்ல பார்த்தா அவ இங்க உக்காந்திருக்கான்னு நினைச்சுக்கணுமாம்!"

"அப்ப, நீங்க போன்ல பார்க்கறீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அத்தை மேஜைக்கடியில் குனிந்தாள். "மருமகனே, இந்த ஹப்புல எத்தனை ஒயர் சொருகியிருக்கு, எண்ணு."

"ஒண்ணு, பிரிண்டர். ரெண்டு, சாரோடது. மூணு, அம்மாவோடது. நாலு..." நாலாவது ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சுவர் பிளக்கில் இருந்த வெள்ளைப் பெட்டியில் போய் முடிந்தது. "நாலு, பெட்டிக்கே போகுது."

"அது இன்டர்நெட் உள்ள வர்ற ஒயர்" என்றார் அவர்.

"அதுக்கும் ஒரு வாய் வேணுமே சார்? மூணு சாமானுக்கு மூணு, உள்ள வர்றதுக்கு ஒண்ணு. நாலும் நிறைஞ்சு போச்சு. சும்மா கிடக்கற வாயே இங்க இல்ல."

அவர் கீழே உட்கார்ந்து தன் விரலாலேயே எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆற்றைக் கடந்து தலையை எண்ணியவன் தன்னை விட்டுவிட்ட கதைதான். அவரே வாங்கி, அவரே மாட்டிய ஹப். மூன்று வாரமாக இல்லாத ஓட்டைக்குள் ஒரு ஆளைக் குடிவைத்துப் பொசுங்கியிருக்கிறார்.

"அப்ப நாலாவது?"

"இந்த ரூம்ல இல்ல. இதே மீட்டர்ல வேற எங்கயோ, யாரோ மூணாவதா ஒரு வெள்ளைப் பெட்டியைச் சொருகியிருக்காங்க. கீழ் வீட்டுக்குத் தனி மீட்டரா?"

"இல்ல, எங்க மீட்டர்தான்..." சொல்லி முடிக்கும்போதே அவர் எழுந்து படியை நோக்கி ஓடினார். "அந்தப் பல்லுப் புடுங்கி!"

நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அத்தை நகரவே இல்லை. "போய்க் கதவைத் தட்டினா என்ன ஆகும்? லைனைப் புடுங்கிப் பையில போட்டுக்குவாங்க. அப்புறம் நம்ம கையில என்ன இருக்கு? டெலிபோன் இலாகாவுல பதினாறு வருஷம் ஒரே புகாரைத்தான் அதிகமா கேட்டேன். பக்கத்துல மோட்டார் ஓடினா லைன்ல கரகரன்னு சத்தம். இன்டர்நெட் கரண்ட் ஒயர்ல ஓடுதுன்னா மோட்டார் சத்தமும் அதே ஒயர்லதான் ஓடணும். வீட்டுல இருக்கற மோட்டாரை ஒண்ணொண்ணா போடுவோம். எதுக்கு இந்த நாலாவது தடுமாறுதோ, அது பக்கத்துலதான் அது இருக்கு."

பெப்பர்மின்ட் பத்து பைசா பெறாது. அதற்கே இந்த மூளை.

முதலில் மிக்ஸி. நான் காலி ஜாடியை ஓட விட்டேன். வேலை ரூம் கம்ப்யூட்டரின் வேகம் பாதியாக விழுந்தது. நாலாவது அசையவில்லை. "இந்த மாடியில இல்ல" என்றாள் அத்தை. "அடுத்தது கீழ. டாக்டர் கிட்ட என்ன மோட்டார் இருக்கும்?"

"பல்லைக் குடையறதுக்குக் காத்தடிக்கற மோட்டார்" என்றார் அவர், பற்களைக் கடித்துக்கொண்டு.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் பல்லுக்கு ஒண்ணுமில்லையே" என்றேன்.

"போனா தெரிஞ்சுடும்" என்றாள் அத்தை.

டாக்டர் தனியாகத்தான் இருந்தார், உதவிக்கு நின்ற ஒரு நர்ஸ் அம்மாவைத் தவிர. ஆள் உண்மையிலேயே அழகு. உயரம், அடர்ந்த முடி, தொப்பை என்பதே கிடையாது. இவருக்காக ஒரு கணவன் தூக்கத்தை இழந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கே கல்யாணமாகியிருந்தால் இந்தத் தெருவில் வீடு பார்த்திருக்க மாட்டேன். நாற்காலியில் சாய்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். தரைக்கடியில் மோட்டார் திடுதிடுவென்று ஓடியது. இரண்டு நிமிஷம் ஓடினால் போதும் என்று அத்தை சொல்லியிருந்தாள். டாக்டர் பத்து நிமிஷம் குடைந்தார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். "எனக்கு ரெண்டு பல்லு சொத்தையாம்."

"டாக்டர் சொத்தையில்ல" என்றாள் அத்தை. "அந்த மோட்டார் ஓடின பத்து நிமிஷமும் நாலாவது ஆடவே இல்ல. கீழ் வீட்டு லைன்ல அது கிடையாது."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆமாம், ஏமாற்றம்தான். மூன்று வாரமாக வெறுத்து வளர்த்த ஆளை ஒரு நொடியில் விடச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

"வேற மோட்டார்?"

"தண்ணி மோட்டார்தான். பின்னாடி முத்தத்துல இருக்கு. சுவிட்ச் இங்க சமையல் ரூம்ல." போய்ப் போட்டார்.

பின்பக்கத்திலிருந்து உறுமல் கேட்டது. போனில் நாலாவதின் கோடு, மேலே மலையாக நின்றது, தலைகீழாக விழுந்து தரையில் துடித்தது.

"அணைங்க, அணைங்க" என்று அத்தை அவசரமாக அவர் கையைத் தட்டிவிட்டாள். "பாவம், உள்ள யாரோ தவிச்சிருப்பாங்க. மோட்டார் பக்கத்துல என்ன இருக்கு?"

"பழைய சாமான் ரூம். கட்டிலும் மெத்தையும்..." என்றவர் தன் காதில் விழுந்த சொற்களையே தாங்க முடியாமல் நின்றார். "கட்டிலும் மெத்தையும்."

மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினோம். முற்றத்தில் வெயில் காய்ந்தது. சாமான் ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், தணிந்து, இடைவிடாமல், கெஞ்சலும் கனிவுமாக வந்தது.

"இத்தனை ஆண்டுகள் நான் உங்களுக்காகவே காத்திருந்தேன். நம் இருவருக்கும் இடையே இருந்த கசப்பை இன்றோடு மறந்துவிடுவோம்..."

அவர் என் தோளைப் பிடித்தார். "அவதான்."

"இனி என் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்..."

அவர் கதவை உதைத்துத் திறந்தார்.

"...ஆண்டுக்கு நாற்பது கப்பல்கள் வீதம்" என்று அந்தக் குரல் வாக்கியத்தை முடித்தது.

அறையில் ஆண் யாருமில்லை. சுவர்களை மறைத்து நான்கு பக்கமும் பழைய மெத்தைகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன, வெளிச்சத்தம் வராமல் இருக்க. நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் மடிக்கணினி. அதிலிருந்து ஒரு ஒயர் சுவர் பிளக்கில் இருந்த வெள்ளைப் பெட்டிக்குப் போனது. காணாமல் போன ஹெட்போன் அவர் மனைவியின் தலையில் இருந்தது. திரையில் யாரோ இரண்டு துறைமுக அதிகாரிகள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

அந்த விரலுக்கு அவர் அப்படியே நின்றுவிட்டார். மைக் திறந்திருக்கும்போது கூண்டுக்குள் மூச்சுகூட விடக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கதவை உதைத்த கால் இன்னும் அந்தரத்தில் இருந்தது. அதை மெல்லத் தரையில் வைத்தார்.

ஆறு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் அப்படி நின்றோம். அந்தம்மா பேசிக்கொண்டே போனாள். யாரோ எங்கேயோ கோபப்பட்டால் இவள் குரலில் கோபம் வந்தது, சிரித்தால் சிரிப்பு வந்தது. எனக்கு மொழிபெயர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும்; ஹெட்போனிலிருந்து கசிந்த மூலப்பேச்சே அவருக்குப் போதும். அவர் உதடும் கூடவே அசைந்தது, பழக்கதோஷம். மனைவிக்கு அரை வார்த்தை பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றது. அவள் அந்த இடத்தை, "ஆழம் தெரியாமல் இருவருமே காலை விட்டுவிட்டோம்" என்று சிரித்துக்கொண்டே கடந்து போய்விட்டாள். அவர் உதடு அதற்குப் பிறகு அசையவில்லை.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பல் டாக்டரைப் பற்றிச் சொல்லும்போது வந்த முகம் இல்லை. இது அதைவிடப் பழைய முகம், எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். எதிர் ஆபீஸ் மீன் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் நான் பார்ப்பது.

மணி மூன்று. அந்தம்மா மைக்கை அணைத்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்க, மடிக்கணினியில் வேறொரு பெண் குரல் தொடர்ந்தது, கொஞ்சம் வயதானது, இருமலோடு. ஹெட்போனையும் கழற்றினாள்.

"தண்ணி மோட்டாரைப் போட்டது யாரு?" என்றாள் முதல் வேலையாக. "ஒரு முழு வாக்கியம் போச்சு. முந்நூறு பேர் காதுல."

"எங்க அவன்?" என்றார் அவர்.

"எவன்?"

"இந்த... அரை மணி பேசி அரை மணி சும்மா இருக்கறவன்."

அத்தை மெதுவாகச் சொன்னாள். "மாத்தி மாத்திப் பேசுவோம்னு நீங்களே சொன்னீங்க சார். ஒருத்தர் அரை மணி, அடுத்தவர் அரை மணி. உங்க தொழிலோட கணக்கு அது. இந்தப் பக்கம் இவங்க. அந்தப் பக்கம் இருமற அந்த அம்மா."

அந்தம்மா எங்களையும், செருப்பு பிடித்த எங்கள் கைகளையும் ஒரு முறை பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. புரிந்துகொண்டாள்.

"துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள் கணவனிடம். "சரி, கேட்டுக்கோங்க. கூட்டம் எதுவும் நிக்கல. உங்களைத்தான் நிறுத்திட்டாங்க. நாலு மாசம் முன்னாடி கம்பெனியிலேர்ந்து என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. வேற ஆளோட சேர்ந்து பேசறதா இருந்தா வாங்க, இல்லன்னா ரெண்டு பேருமே வேண்டாம்னாங்க. உங்ககிட்ட இப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல. வேலையே இல்லன்னு அவங்களையே சொல்லச் சொன்னேன்."

"மேல நம்ம ரூம் இருக்கே. இங்க வந்து ஏன்..."

"மேல உக்காந்தா நீங்க போன்ல பார்ப்பீங்க, இங்க மாட்டினாலும் அதுல தெரியும்னு எனக்குத் தெரியல. சாயங்காலம் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பீங்க. அதுவும் போகட்டும். பக்கத்துல உங்க நாற்காலி காலியா இருக்கு. அதை வெச்சுக்கிட்டு எனக்குப் பேச வரல."

எனக்குக் கண் கரித்தது. கேஸ் முடிந்தது, ஆள் இல்லை, அடுத்தது காலில் விழ வேண்டியதுதான் என்று இரண்டடி தள்ளி நின்று இடம்கூட விட்டேன்.

அவர் விழவில்லை. மெத்தையில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், மிகவும் சின்னக் குரலில் சொன்னார். "இதுக்கு ஒரு ஆளே இருந்திருக்கலாம்."

அத்தை வாயிலிருந்த பெப்பர்மின்ட்டைக் கடிப்பதை நிறுத்தினாள்.

அந்தம்மா அழவில்லை. "ஆள் இருந்திருந்தா உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்றாள். "இதுக்குக் கேக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து மேல நம்ம ரூம்ல உக்காந்து, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டே பேசப் போறேன். உங்களால தாங்க முடியும்னா பாருங்க. முடியாதுன்னா, நீங்க என்னை அனுப்ப வேண்டாம். எங்க அக்கா வீட்டுல ஒரு ரூம் இருக்கு, நானே போயிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் பாதியை நான் எழுதப் போவதில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு. அத்தை என்னை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். கதவு திறந்தேதான் கிடந்தது, காது கேட்கத்தான் செய்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. அவர் முதலில் கத்தினார். யாரும் சிபாரிசு செய்யாமல் அவளை மட்டும் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்றார். கண்ணாடிக் கூண்டில் முதல் முதலாக அவளை உட்காரவைத்தது யார் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் நீங்கதான், நீங்கதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. மெத்தைகளுக்கு நடுவில் அந்த வயதான குரல் மட்டும் இருமி இருமிப் பேசிக்கொண்டிருந்தது.

மூன்று இருபத்தெட்டுக்கு அவள் ஹெட்போனைக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அவர். "பூசி மெழுகாம சொல்லு. நான் அவ்வளவு மோசமாவா பேசினேன்?"

ஊரார் பேச்சையெல்லாம் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவள், நாலு மாதமாகத் தன் வீட்டில் மட்டும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "ரெண்டு வருஷமா. விட்டதையெல்லாம் நான்தான் பக்கத்துலேர்ந்து எழுதிக் காட்டிட்டே இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அடி வாங்கியவர் ஆட்டுவதைப் போல, மெதுவாக. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்து, அந்த வயதான குரல் விட்ட இடத்திலிருந்து ஒரு மூச்சு இடைவெளி இல்லாமல் எடுத்துக்கொண்டாள்.

அவர் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். வாசல் வரை வந்தார். உள்ளே அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, எங்கள் இருவரையும் கிட்டே வரச் சொல்லி, பரம ரகசியமாகக் கிசுகிசுத்தார்.

"அந்த இருமற அம்மா பேசினதைக் கேட்டீங்களா? அரை மணி நேரத்துல மூணு இடத்துல விட்டுட்டாங்க. நானா இருந்தா ரெண்டுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். முற்றத்துச் சத்தம் மைக்கில் விழாதபடி, கீல்கூட முனகாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.